கடலுக்கடியில் ஓடும் நம் குரல்

(நமது சங்கத்தின் கிளைக் கூட்டம் ஒன்றில், தொலைத்தொடர்புத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இந்த ஹாலில் பிள்ளையோ பெண்ணோ பேரன் பேத்தியோ வெளிநாட்டில் இல்லாத குடும்பம் எத்தனை என்று கேட்டால், சில கைகள்தான் உயரும் என்று நினைக்கிறேன். காலையில் காபி ஆனதும் நியூ ஜெர்சிக்கோ சிட்னிக்கோ ஒரு வீடியோ கால் போட்டால்தான் பலருக்குப் பொழுதே விடிகிறது. அந்தக் கால் எந்த வழியாகப் போகிறது என்று கேட்டால் பெரும்பாலோர் ஆகாயத்தைக் காட்டுவார்கள். "சாட்டிலைட் வழியாகத்தானே?" என்பார்கள். இல்லை. கண்டம் விட்டுக் கண்டம் போகும் தகவல்களில் 95 சதவிகிதத்துக்கு மேல் கடலின் அடியில் கிடக்கும் கேபிள்கள் வழியாகத்தான் போகிறது. ஆழ்கடலில் அந்தக் கேபிளின் பருமன் சுமார் 17 மில்லிமீட்டர். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய் மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

ஒரு கேபிளைக் கடலில் போட்டுவிட்டால் 25 வருஷம் அது அங்கேயே கிடந்து உழைக்க வேண்டும். ஆனால் பேசுகிறவர்களின் எண்ணிக்கையோ வருஷா வருஷம் கூடிக்கொண்டே போகிறது. கடலுக்குள் இருப்பதைத் தொடாமல், அதன் வழியே போகும் பேச்சை மட்டும் எப்படிப் பெருக்கினார்கள்? இதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்திருக்கிறேன். சுருக்கமான பதில் இதுதான்: கடலில் போடுவதை எவ்வளவு எளிமையாக வைக்கலாமோ அவ்வளவு எளிமையாக வைத்துக்கொண்டு, சாமர்த்தியத்தையெல்லாம் கை எட்டும் கரையில் வைத்துக்கொண்டார்கள். அந்தச் சாமர்த்தியத்தால் பெருக்க முடியாதது ஒன்றும் உண்டு. நம் நாட்டுக்கு அதுதான் இப்போது முக்கியம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தந்தி காலத்துப் பாடம்

1858 ஆகஸ்டில் அயர்லாந்துக்கும் வட அமெரிக்காவின் நியூஃபவுண்ட்லாந்துக்கும் இடையே முதல் அட்லாண்டிக் தந்திக் கேபிள் போட்டு முடித்தார்கள். விக்டோரியா மகாராணி அமெரிக்க ஜனாதிபதி புக்கானனுக்கு 98 சொற்களில் ஒரு வாழ்த்து அனுப்பினார். அது போய்ச் சேர சுமார் 16 மணி நேரம் ஆயிற்று.

காரணம் என்ன? வறண்ட வாய்க்காலில் மடையைத் திறந்துவிட்டால், தண்ணீர் உடனே கடைசி வயலுக்குப் போய்விடுவதில்லை. முதலில் வாய்க்கால் மண் குடிக்கும், பிறகுதான் ஓடும். நீண்ட கடல் கேபிளும் அப்படித்தான். உள்ளே செம்புக் கம்பி, அதைச் சுற்றி உறை, வெளியே உப்புத் தண்ணீர். இந்த அமைப்பு மின்சாரத்தைத் தேக்கி வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் விடும். கேபிளின் நீளம் இரண்டு மடங்கானால் தாமதம் நான்கு மடங்காகும் என்று வில்லியம் தாம்சன் என்ற விஞ்ஞானி முன்பே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். பிற்காலத்தில் கெல்வின் பிரபு ஆனவர் இவர்தான்.

ஆனால் அந்தக் கேபிளுக்குப் பொறுப்பான மின் நிபுணர் வைல்ட்மன் வைட்ஹவுஸ் அதை ஏற்கவில்லை. செய்தி மெதுவாகப் போகிறதா, பலமாகத் தள்ளுவோம் என்று சுமார் 2,000 வோல்ட் வரை ஏற்றினார். ஏற்கெனவே பழுதாகியிருந்த உறை அதைத் தாங்கவில்லை. சில வாரங்களில் கேபிள் செத்துப்போயிற்று.

தாம்சன் வழி வேறு. கேபிளுக்குள் மென்மையான மின்சாரத்தையே அனுப்பு. அதைக் கண்டுபிடிக்கும் கருவியைக் கரையில் நுட்பமாக்கு என்றார். ஒரு சின்னக் கண்ணாடித் துண்டில் காந்தத்தை ஒட்டித் தொங்கவிட்டு, அதன் மேல் விளக்கொளியைப் பட வைத்தார். மிக மெல்லிய மின்சாரம் வந்தாலும் கண்ணாடி லேசாகத் திரும்பும். சுவரில் விழும் ஒளிப் பொட்டு நன்றாக நகரும். 1866-ல் கிரேட் ஈஸ்டர்ன் என்ற ராட்சதக் கப்பல் போட்ட புதிய கேபிள் நல்ல செம்பும் நல்ல உறையும் கொண்டது. அதில் நிமிஷத்துக்கு சுமார் 8 சொற்கள் போயின. அதே கப்பல்தான் 1870-ல் பம்பாய்க்கும் ஏடனுக்கும் இடையே கேபிள் போட்டது. அடுத்த வருஷம் மதராஸிலிருந்து பினாங்குக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் தந்தி போயிற்று. மேற்கே பம்பாய், கிழக்கே மதராஸ் என்ற அந்த அமைப்பு இன்று வரை மாறவில்லை.

1870களில் இன்னொரு தந்திரம் வந்தது. அதுவரை ஒரு சமயத்தில் ஒரு திசையில்தான் செய்தி போகும். கேபிளைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு போலிக் கேபிளைக் கரையில் ஒரு பெட்டிக்குள் அமைத்து, தான் அனுப்பும் செய்தி தன் கருவியிலேயே பதிவாகாமல் சமன் செய்துவிட்டார்கள். ஒரே கம்பியில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தந்தி போக ஆரம்பித்தது. கடலில் ஓர் அடி கம்பிகூடப் புதிதாகப் போடாமல், கொள்ளளவு ஏறக்குறைய இரட்டிப்பாயிற்று.

குரல் கடல் கடந்தது

தந்திக்குக் கட்டுக் கட்டென்ற சத்தம் போதும். குரலுக்கு அது போதாது. மனிதக் குரல் புரிய வேண்டுமானால் விநாடிக்கு 3,000 அதிர்வுக்கு மேல் சிதையாமல் போய்ச் சேர வேண்டும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போனால் குரல் தேய்ந்து ஒன்றுமில்லாமல் போய்விடும். அதனால்தான் 1927-ல் லண்டனும் நியூயார்க்கும் பேசிக்கொண்டபோது ரேடியோ வழியாகப் பேசின. மூன்று நிமிஷத்துக்கு 75 டாலர்! 1933-ல் பம்பாய்க்கும் லண்டனுக்கும் வந்த டெலிபோன் தொடர்பும் ரேடியோதான். வானிலை கெட்டால் பேச்சும் கெடும்.

கேபிள் வழியே பேச வேண்டுமானால், வழியில் ஆங்காங்கே குரலுக்குப் பலம் கொடுக்கும் கருவி வேண்டும். ரிப்பீட்டர் என்று பெயர். கடலின் அடியில் வால்வு கெட்டுப்போனால் யார் போய் மாற்றுவது? அதற்கான வால்வுகளைத் தயாரித்து, பல வருஷம் ஓட விட்டுப் பரீட்சை செய்த பிறகே கடலில் இறக்கினார்கள். 1956 செப்டம்பர் 25-ம் தேதி, ஸ்காட்லாந்தின் ஓபனுக்கும் நியூஃபவுண்ட்லாந்தின் கிளாரன்வில்லுக்கும் இடையே டாட்-1 என்ற முதல் அட்லாண்டிக் டெலிபோன் கேபிள் திறக்கப்பட்டது. போக ஒன்று, வர ஒன்று என இரண்டு கேபிள்கள். ஒவ்வொன்றிலும் 51 ரிப்பீட்டர்கள், ஒவ்வொரு ரிப்பீட்டரிலும் 3 வால்வுகள், ஆக மொத்தம் 306. 1978-ல் ஓய்வு கொடுக்கும் வரை 22 வருஷத்தில் அவற்றில் ஒன்றுகூடக் கெடவில்லை. நம் வீட்டு ரேடியோவில் வால்வு மாற்றியவர்களுக்கு இதன் பெருமை புரியும்.

டாட்-1-ல் ஒரே சமயத்தில் 36 பேச்சுகள்தான் போகலாம். முதல் 24 மணி நேரத்திலேயே லண்டனிலிருந்து அமெரிக்காவுக்கு 588 அழைப்புகள் போயின. கூட்டம் நெருக்கியது. என்ன செய்தார்கள்?

முதலில் இடத்தை நெருக்கினார்கள். ஒவ்வொரு பேச்சுக்கும் 4,000 அதிர்வு அகலம் ஒதுக்கியிருந்ததை 3,000 ஆக்கினார்கள். 36 என்பது 48 ஆயிற்று. பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்த இடத்தில் நெருங்கி நான்கு பேர் உட்காருகிற மாதிரி.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பெல் ஆராய்ச்சிக் கூடத்தார் ஒரு சாதாரண உண்மையைக் கவனித்தார்கள். இரண்டு பேர் பேசும்போது ஒருவர் பேசுகிறார், மற்றவர் கேட்கிறார். பேசுகிறவரும் நடுநடுவே மூச்சு விடுகிறார், யோசிக்கிறார். ஆகவே ஒரு திசைக்கான வழி பாதி நேரத்துக்கு மேல் காலியாகவே கிடக்கிறது. அந்த மௌனத்தில் இன்னொருவருடைய பேச்சை அனுப்பினால் என்ன? 1960-ல் இதற்கான கருவியை டாட்-1-ன் இரண்டு கரையிலும் வைத்தார்கள். டாசி என்று சுருக்கப் பெயர். நீங்கள் பேச்சை நிறுத்தினால் உங்கள் வழி வேறொருவருக்குப் போய்விடும். நீங்கள் மறுபடி வாய் திறந்தால் அந்த நொடியில் காலியாக இருக்கும் வேறு வழி உங்களுக்குக் கிடைக்கும். அக்கரையில் அந்தந்தக் காதுக்கு அந்தந்தக் குரல் சரியாகப் போய்ச் சேரும். கூட்டம் அதிகமானால் முதல் அசை கொஞ்சம் விழுங்கப்படும், அவ்வளவே. இதனால் பேச்சுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பாயிற்று. கடலுக்குள் இருந்த 306 வால்வுகளுக்கு இது எதுவும் தெரியாது. அவை தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன.

நம் தேசத்தில் அந்தக் காலம் எப்படி இருந்தது என்பது மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ட்ரங்க் கால் புக் செய்துவிட்டு, ஆர்டினரியா அர்ஜென்ட்டா லைட்னிங்கா என்று யோசித்து, நாள் முழுவதும் டெலிபோன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்போம். 1971-ல் புனேவுக்கு அருகே ஆர்வியில் சாட்டிலைட் நிலையம் வந்தது. 1976-ல் பம்பாய்க்கும் லண்டனுக்கும் இடையே நேரடியாக டயல் செய்து பேசும் வசதி வந்தது. ஆனால் சாட்டிலைட் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாம் கேட்ட கேள்வி மேலே போய்க் கீழே வந்து, பதிலும் அதே மாதிரி வருவதற்குள் அரை விநாடி ஆகிவிடும். "ஹலோ, ஹலோ" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்திவிட்டு, பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மௌனமாக இருப்பார்கள். 1981-ல் மறுபடியும் சென்னையிலிருந்து பினாங்குக்கு ஒரு டெலிபோன் கேபிள் போடப்பட்டபோது, 110 வருஷத்துக்கு முன்பு தந்தி போன அதே திசையில் குரல் போயிற்று.

செம்பு போய்க் கண்ணாடி வந்தது

1966-ல் சார்லஸ் காவ் என்பவர், கண்ணாடியிலுள்ள அசுத்தங்களை நீக்கிவிட்டால் அதன் இழை வழியே ஒளியை வெகு தூரம் அனுப்பலாம் என்று எழுதினார். 2009-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1988 டிசம்பரில் டாட்-8 என்ற முதல் அட்லாண்டிக் கண்ணாடி இழைக் கேபிள் வேலைக்கு வந்தது. அதன் திறன் விநாடிக்கு 560 மெகாபிட். ஒரு பேச்சுக்கு 64 கிலோபிட் என்று வைத்தால் சுமார் 8,000 பேச்சுகளுக்குத்தான் இடம். ஆனால் 40,000 பேச்சுகளைக் கொண்டுபோகும் என்று சொன்னார்கள். எப்படி? கரையில் இருந்த கருவிகள் பேச்சைச் சுருக்கின. கூடவே அந்தப் பழைய மௌன வித்தையையும் செய்தன. ஐந்து மடங்கு லாபம் கரையிலேயே கிடைத்துவிட்டது.

டாட்-8-க்கு ஒரு குறையும் இருந்தது. அதன் ரிப்பீட்டர்கள் அதிகம் படித்தவை! வருகிற ஒளியை மின்சாரமாக மாற்றி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்து, மறுபடி புது ஒளியாக எழுதி அனுப்பும். ஒவ்வொரு ஊர் தபாலாபீஸிலும் கடிதத்தைப் பிரித்துப் படித்து நகல் எடுத்து அனுப்புகிற மாதிரி. எந்த வேகத்தில் படிக்கப் பழக்கப்பட்டதோ அந்த வேகத்தில்தான் படிக்கும். கரையில் எவ்வளவு வேகமான கருவி வந்தாலும் பிரயோஜனமில்லை. அதனால் டாட்-8-க்கு 2002-லேயே ஓய்வு கொடுத்துவிட்டார்கள். 1994-ல் மும்பைக்கு வந்த சீ-மீ-வீ-2 என்ற கேபிளும் இதே ஜாதி. 12 வருஷத்தில், 2006-ல், அதுவும் ஓய்ந்தது. கேபிள் அறுந்துபோகவில்லை. காலத்தோடு ஓட முடியவில்லை.

இதற்கு மாற்று 1987-ல் இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்னின் குழுவிடமிருந்து வந்தது. எர்பியம் என்ற அபூர்வ உலோகத்தைக் கொஞ்சம் கலந்த கண்ணாடி இழையை எடுத்து, அதற்குத் தனியாக ஒரு லேசர் ஒளியால் சக்தி ஊட்டினால், அதன் வழியே போகும் ஒளி தானாகவே பலம் பெற்று வெளியே வருகிறது. படிப்பதும் இல்லை, நகல் எடுப்பதும் இல்லை. என்ன வேகத்தில் வந்தாலும், எத்தனை நிறத்தில் வந்தாலும், அப்படியே பலப்படுத்தி அனுப்பிவிடும். 1990களின் நடுவில் கடலுக்குள் இந்த வகை ரிப்பீட்டர்கள் இறங்கின. 60 முதல் 100 கிலோமீட்டருக்கு ஒன்று. இவற்றுக்கு வேண்டிய மின்சாரம் கேபிளின் செப்பு உறை வழியாகக் கரையிலிருந்து போகிறது. நீளமான கேபிள்களில் 10,000 வோல்ட்டையும் தாண்டும்.

கடலில் இருப்பது எளிமையானதும், கரையின் சாமர்த்தியத்துக்கு வாசல் திறந்துவிட்டது. முதல் காரியம், ஒரே இழையில் பல நிறங்கள். வானவில்லின் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் ஒரே கண்ணாடியில் போவது போல. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிதான். புரிவதற்காக நிறம் என்கிறேன். 2002-ல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே வந்த ஐ-டு-ஐ கேபிளில் 8 ஜோடி இழைகள். மொத்தத் திறன் 8.4 டெராபிட். அதே வருஷம் ஏப்ரலில் வெளிநாட்டு அழைப்புகளின் ஏகபோகமும் முடிவுக்கு வந்தது. ஐ.எஸ்.டி. கட்டணம் மளமளவென்று இறங்கியதற்கு இந்த இரண்டும் சேர்ந்ததே காரணம்.

2005 டிசம்பரில் சிங்கப்பூரிலிருந்து சென்னை, மும்பை வழியாகப் பிரான்ஸின் மார்சேய் வரை 18,800 கிலோமீட்டருக்கு சீ-மீ-வீ-4 வேலைக்கு வந்தது. இரண்டே ஜோடி இழைகள். ஒவ்வொன்றிலும் 64 நிறங்கள், நிறத்துக்கு 10 கிகாபிட், மொத்தம் 1.28 டெராபிட். 64 கிலோபிட் பேச்சுகளாகக் கணக்கிட்டால் 2 கோடி. 36 பேச்சில் ஆரம்பித்த கதை 50 வருஷத்தில் இங்கே வந்து நின்றது.

அங்கேயும் நிற்கவில்லை. அதுவரை ஒளியை அணைத்து ஏற்றித்தான் செய்தி அனுப்பினார்கள். ஏற்றினால் ஒன்று, அணைத்தால் பூஜ்யம். 2010 வாக்கில் புதிய முறை வந்தது. வீணைத் தந்தியை மேலும் கீழுமாகவும் மீட்டலாம், பக்கவாட்டிலும் மீட்டலாம் இல்லையா? ஒளி அலையும் அப்படி இரண்டு விதமாக அதிரும். இரண்டிலும் தனித்தனிச் செய்தி ஏற்றலாம். அலை எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதிலும் செய்தியை வைக்கலாம். வழியில் இவையெல்லாம் கலந்து குழம்பித்தான் வரும். கரையில் இருக்கும் சிலிக்கான் சில்லு கணக்குப் போட்டு அந்தக் குழப்பத்தைப் பிரித்துவிடுகிறது. 10 கிகாபிட் போன ஒரு நிறத்தில் 100 கிகாபிட் போயிற்று. சீ-மீ-வீ-4-ன் திறன் 2015-ல் 4.6 டெராபிட் ஆயிற்று. கடலில் கிடப்பது 2005-ல் போட்ட அதே கேபிள், அதே ரிப்பீட்டர். மாறியது கரையில் உள்ள பெட்டிகள்தான். புதிய கேபிள் போட ஆகும் செலவிலும் காலத்திலும் இது சிறு பங்கே.

பெருக்கத்துக்கும் எல்லை உண்டு

இப்படியே பெருக்கிக்கொண்டே போகலாமா? முடியாது. ஒரு வழியில் எவ்வளவு செய்தி பிழையில்லாமல் போகும் என்பதற்கு உச்சவரம்பு உண்டு என்று 1948-லேயே கிளாட் ஷானன் நிரூபித்துவிட்டார். கல்யாண மண்டபத்தில் இரைச்சலுக்கு நடுவே இரண்டு மடங்கு உரக்கக் கத்தினால் இரண்டு மடங்கு விஷயம் புரிந்துவிடாது, கொஞ்சம்தான் கூடும். ஒளியின் பலத்தை மேலும் ஏற்றினாலோ, கண்ணாடியே அதைச் சிதைக்க ஆரம்பித்துவிடும். வைட்ஹவுஸுக்கு நேர்ந்தது மாதிரிதான்.

ஆகவே இப்போது போக்கு மாறியிருக்கிறது. ஒரே அறையில் உரக்கக் கத்துவதற்குப் பதில், பல அறைகளில் மெதுவாகப் பேசுவது. இருக்கும் மின்சாரத்தை அதிக இழைகளுக்குப் பங்கிட்டு, ஒவ்வொன்றிலும் மென்மையான ஒளியை அனுப்புகிறார்கள். அமெரிக்காவுக்கும் பிரான்ஸுக்கும் இடையே 2021-ல் வேலைக்கு வந்த டூனான் கேபிளில் 12 ஜோடி இழைகள், 250 டெராபிட். ஆனால் இந்த லாபத்துக்குப் புதுக் கேபிள் போட்டாக வேண்டும். பழைய கேபிளில் கரையை மட்டும் மாற்றி இதை அடைய முடியாது.

பெருக்க முடியாதது

இனி முதலில் சொன்ன அந்த விஷயத்துக்கு வருகிறேன். கரையில் எத்தனை பெட்டி மாற்றினாலும் கேபிளின் திறன்தான் பெருகும்; கேபிள் போகும் வழி பெருகாது. ஒரு டெராபிட் போகும் கேபிளை நங்கூரம் அறுத்தால் ஒரு டெராபிட் போகும். அதே கேபிளை ஐந்து டெராபிட் ஆக்கியிருந்தால் ஐந்தும் போகும். பெருக்கப் பெருக்க, ஒரே இழையில் நாம் தொங்கவிடும் பாரமும் கூடுகிறது.

2006 டிசம்பர் 26-ம் தேதி தைவானுக்குத் தெற்கே நிலநடுக்கம் வந்து பல கேபிள்களை ஒரேயடியாக அறுத்தது. 11 கப்பல்கள் சேர்ந்து 49 நாள் வேலை செய்து சரி செய்தன. 2008 ஜனவரி 30-ம் தேதி எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவுக்கு அருகே இரண்டு பெரிய கேபிள்கள் அறுந்தபோது, மேற்கே போகும் நம் இணையத் தொடர்பு பாதிக்கு மேல் படுத்துவிட்டது. சென்னை, சிங்கப்பூர், பசிபிக் என்று உலகத்தைச் சுற்றிப் போய் அமெரிக்காவைப் பிடித்தார்கள். 2024 பிப்ரவரியில் செங்கடலில் தாக்கப்பட்ட கப்பல் ஒன்றின் நங்கூரம் இழுபட்டு மூன்று கேபிள் வழிகள் சேதமாயின. 2025 செப்டம்பரில் ஜெட்டா அருகே சீ-மீ-வீ-4 உட்பட இரண்டு கேபிள்கள் அறுந்து, இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் இணையம் மந்தமாயிற்று. ஐரோப்பாவுக்குப் போகும் நம் கேபிள்களில் பெரும்பாலானவை எகிப்தையும் செங்கடலையும் தாண்டித்தான் போயாக வேண்டும். எத்தனை கம்பெனி, எத்தனை கேபிள் என்று பெயரளவில் எண்ணினாலும் வாசல் ஒன்றுதான்.

வீட்டு வாசலிலும் இதே கதை. டிராய் அமைப்பு 2023 ஜூனில் கொடுத்த பரிந்துரைகளின்படி, 2022 முடிவில் நம் நாட்டில் 17 சர்வதேசக் கேபிள்கள் 14 நிலையங்களில் கரையேறின. மும்பை, சென்னை, கொச்சி, தூத்துக்குடி, திருவனந்தபுரம் ஆகிய ஐந்தே ஊர்கள். ஒளியேற்றி வைத்திருந்த திறன் சுமார் 138 டெராபிட். உபயோகத்தில் இருந்தது 111 டெராபிட். ஆகவே திறனைப் பொறுத்தவரை அன்றைக்கும் கையிருப்பு இருந்தது. ஆனால் மும்பைக்கு வரும் கேபிள்களில் பெரும்பாலானவை வெர்சோவா கடற்கரையின் சில கிலோமீட்டருக்குள்ளேயே கரையேறுகின்றன. அறுந்தால் சரிசெய்ய வெளிநாட்டுக் கப்பலுக்காகக் காத்திருப்பதும், அது நம் கடலுக்குள் வர அனுமதிகள் வாங்குவதும் நாட்களைத் தின்னும். இந்தியக் கப்பல்கள் வேண்டும் என்ற விஷயமும் அந்தப் பரிந்துரைகளில் இடம்பெற்றது.

நல்ல செய்திகளும் உண்டு. சாட்டிலைட்டை மட்டும் நம்பியிருந்த அந்தமானுக்கு 2020 ஆகஸ்ட் 10-ம் தேதி சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் திறக்கப்பட்டது. கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்கு 2024 ஜனவரியில் வந்தது. சீ-மீ-வீ-6 கேபிள் 2024 டிசம்பரில் சென்னையில் கரையேறியது. விசாகப்பட்டினத்திலும் கேபிள்களைக் கரையேற்றும் திட்டம் 2025-ல் அறிவிக்கப்பட்டது. புதுக் கேபிளின் டெராபிட் கணக்கு பத்திரிகையில் வரும்போது, எத்தனை டெராபிட் என்பதோடு எந்த வழி, எந்தக் கரை என்பதையும் படியுங்கள்.

நம்மில் எத்தனையோ பெற்றோர் பெரிய ஊரில் தனியாக இருக்கிறார்கள். பிள்ளைகள் அங்கிருந்தபடியே கேமராவில் பார்த்துக்கொள்கிறார்கள், மருந்து ஆர்டர் செய்கிறார்கள், டாக்டரிடம் பேசுகிறார்கள். அந்த நிம்மதி இந்த மெல்லிய குழாயில்தான் போய் வருகிறது. ஆகவே இரண்டு யோசனைகள். எல்லா ஏற்பாட்டையும் வெளிநாட்டிலிருந்தே செய்யும்படி வைக்காமல், பக்கத்துத் தெருவில் ஒரு மனிதரையும், உள்ளூரில் ஒரு டாக்டரின் நம்பரையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கேபிள் அறுந்த செய்தி வந்தால் வீடியோவை நிறுத்திவிட்டுக் குரலில் மட்டும் பேசுங்கள். குரலுக்குக் கொஞ்சம் இடம் போதும், எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடும். இளைஞர்களுக்கு ஒன்று: சாஃப்ட்வேர் படித்தவர்கள் நம்மில் ஏராளம். கடலையும் கண்ணாடியையும் கேபிள் கப்பலையும் படித்தவர்கள் குறைவு. இந்தத் தேசத்துக்கு அவர்களும் வேண்டும்.



உரைக்குப் பின் கேட்கப்பட்ட சில கேள்விகள்

சுறா மீன் கேபிளைக் கடித்துவிடுமாமே?

1980களில் கேனரித் தீவுகளுக்கு அருகே பரீட்சார்த்தமாகப் போட்ட கேபிளில் சுறாவின் பல் சிக்கியிருந்தது உண்மை. அதன் பிறகு உறையைப் பலப்படுத்திவிட்டார்கள். உலகத்தில் வருஷத்துக்கு 150 முதல் 200 இடங்களில் கேபிள் சேதமாகிறது. பெரும்பாலும் மீன்பிடி வலையும் கப்பல் நங்கூரமும்தான் காரணம். சுறா பாவம்.

இவ்வளவு நீளத்தில் எங்கே அறுந்தது என்று எப்படித் தெரியும்?

கரையிலிருந்து ஒரு சொடுக்கு ஒளி அனுப்புவார்கள். அது பிரதிபலித்துத் திரும்பி வரும் நேரத்தை அளப்பார்கள். கண்ணாடியில் ஒளி விநாடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். அதைக் கொண்டு தூரத்தைக் கணக்கிட்டு, கப்பல் போய்க் கொக்கி போட்டுக் கேபிளைத் தூக்கி, புதுத் துண்டு சேர்த்து ஒட்டி, மறுபடி இறக்கிவிடும்.

இப்போது தாழப் பறக்கும் சாட்டிலைட்டுகள் ஆயிரக்கணக்கில் வந்துவிட்டனவே, கேபிள் இனி எதற்கு?

மலையிலும் கப்பலிலும் கேபிள் எட்டாத கிராமத்திலும் அவை பெரிய உபகாரம். கேபிள் அறுந்த நேரத்தில் அவசரப் பேச்சுக்கும் உதவும். ஆனால் ஒரு தேசத்தின் முழுப் பாரத்தையும் தூக்க அவற்றால் ஆகாது. அதற்குக் கேபிள்தான், அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில்.